அண்ணனின் சிகிச்சைப் புத்தகத்தில் இருக்கும் எழுத்துகள்

எச்.ஐ.வி-க்கு மருந்து கொடுக்கிற ஏ.ஆர்.டி மையத்தில் தரும் சிகிச்சைப் புத்தகத்தைப் பாலிதீன் கவரில் போட்டு, அதை ஒரு மஞ்சப்பையில் சுற்றி, பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறவர்கள் பலரை எனக்குத் தெரியும். நகையைக்கூட அப்படிப் பாதுகாக்க மாட்டார்கள். ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், "அது டாக்டருக்குத் தெரியும், நமக்கு எதுக்கு?" என்பதுதான் பெரும்பாலும் பதில். அந்தப் பதிலை மாற்ற வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகத்தில் ஒவ்வொரு வரியும் அதை வைத்திருப்பவரின் உடம்பைப் பற்றியது. மாத்திரை விழுங்குவது அவர், பஸ் ஏறி வருவது அவர், கூலியை விட்டுவிட்டு நாள் முழுக்க டோக்கனோடு காத்திருப்பதும் அவர்தான். அவருக்கு அந்த எழுத்துகள் புரியாமல் வேறு யாருக்குப் புரிந்து என்ன பயன்?

என் அண்ணன் எச்.ஐ.வி-யோடு வாழ்கிறவர். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஒரு காலத்தில் லாரி ஓட்டினார், இப்போது கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. மதினிக்கு வாசிக்கக் கொஞ்சம் சிரமம் என்பதால் ஆரம்பத்திலிருந்தே நான்தான் அவரோடு மதுரை கோரிப்பாளையத்தில் இறங்கி பெரியாஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கவுன்சிலர்களிடமும் மருந்து கொடுக்கிறவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் எல்லாம். அண்ணனும் மதினியும் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். அவர்கள் பெயரும் ஊர்ப்பெயரும் இதில் வராது.

முதலில் வருவது ஐ.சி.டி.சி, எச்.ஐ.வி-க்கு ஆலோசனை சொல்லி ரத்தப் பரிசோதனை செய்கிற இடம். நம் பக்கம் அதை அப்படிச் சொல்வதில்லை, போர்டில் "நம்பிக்கை மையம்" என்று இருக்கும். ரத்தம் எடுப்பதற்கு முன்னாலும் முடிவு வந்த பின்னாலும் உட்கார வைத்துப் பேசுவார்கள். ரிப்போர்ட்டில் "ரியாக்டிவ்" என்று ஒரு சொல் இருக்கும். வெளியே ஏதோ ஒரு லேபில் ஒரே ஒரு கிட்டில் ரியாக்டிவ் என்று வந்ததை வைத்துக்கொண்டு இடிந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிக்கை மையத்தில் ஒரு பரிசோதனையை மட்டும் வைத்து எச்.ஐ.வி இருப்பதாக முடிவு சொல்வதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத ஒருவருக்கு வெவ்வேறு முறையில் வேலை செய்யும் மூன்று கிட்டுகளிலும் ரியாக்டிவ் என்று வந்தால்தான் உறுதி செய்வார்கள். அதனால் வெளி லேப் தாளை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்திருக்க வேண்டாம், மறுநாள் காலையில் நேராக நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். செலவும் கிடையாது.

அடுத்தது சி.டி.4. பழைய நோயாளிகளிடம் இந்த எண்ணைக் கேட்டால் பத்தாவது மார்க் சொல்வது மாதிரி டக்கென்று சொல்வார்கள். ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஒரு வகை இது. மற்ற அணுக்களுக்கு உத்தரவு போடுகிற அணு. வைரஸ் குறிவைத்து நுழைவதும் இதற்குள்தான். நல்ல உடம்பில் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-லிருந்து 1500 வரை இருக்கும். 200-க்குக் கீழே போனால், மற்றவர்களை ஒன்றும் செய்யாத கிருமிகள்கூட இவர்களைப் படுக்க வைத்துவிடும். அந்த மாதிரி நோய்களுக்குத்தான் புத்தகத்தில் ஓ.ஐ என்று போடுகிறார்கள், சந்தர்ப்பவாத நோய்த்தொற்று. நிமோனியா, மூளைக்காய்ச்சல், வாய்க்குள் வெள்ளை வெள்ளையாகப் படிகிற பூஞ்சை எல்லாம் அதில் அடக்கம்.

இந்த எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. அரசு இலவசமாக ஏ.ஆர்.டி கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி. முதலில் தொடங்கிய சில ஆஸ்பத்திரிகளில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அப்போதெல்லாம் சி.டி.4 200-க்குக் கீழே இறங்கினால்தான் பெரும்பாலும் மாத்திரை. 230 என்று வந்தால், "இன்னும் தேவையில்லை, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். இறங்கட்டும் என்று காத்திருந்து, இறங்கியபோது திரும்பி வர முடியாத அளவுக்கு டி.பி முற்றிப் போனவர்கள் இருந்தார்கள். பிறகு அந்த எல்லை 350 ஆனது, அப்புறம் 500. 2017-இல்தான், எண் எதுவாக இருந்தாலும் எச்.ஐ.வி உறுதியானவர் எல்லாருக்கும் உடனே சிகிச்சை என்று அரசு அறிவித்தது. இன்றைக்கு நம்பிக்கை மையத்திலிருந்து வந்த வேகத்தில் மாத்திரை தொடங்கும் இளவட்டங்களைப் பார்க்கும்போது, அந்த 230-காரர்களின் முகம் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, மாத்திரைக்கு வருவோம். ஏ.ஆர்.டி என்பதை நம் ஊரில் கூட்டு மருந்து என்கிறோம். ஒரே மருந்தைக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரமே உருமாறித் தப்பித்துவிடும், மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் தப்ப வழி இருக்காது, அதனால்தான் கூட்டு. புத்தகத்தில் எந்தக் கூட்டு என்று மூன்று எழுத்தில் எழுதுவார்கள். அண்ணன் புத்தகத்தைத் திறந்தால் அந்த மூன்றெழுத்துகள் மாறி மாறி வந்திருப்பதைப் பார்க்கலாம்: எஸ்.எல்.என், அடுத்து இசட்.எல்.என், அடுத்து டி.எல்.இ, இப்போது டி.எல்.டி. மருந்து எப்படி மாறி வந்தது என்பது அந்த நான்கு வரியில் முழுசாக இருக்கிறது.

எஸ் என்றால் ஸ்டாவுடின். எல் லாமிவுடின், என் நெவிரபின். இந்த மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைத்து மலிவாகச் செய்தது இந்தியக் கம்பெனிகள்தான். 2001-இல் சிப்லா நிறுவனம் எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு வருசத்துக்கு 350 டாலர் விலையில் தருவதாகச் சொன்னது. அதற்கு முன்பு வெளிநாட்டுக் கம்பெனி மருந்துகளுக்கு வருசத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. அந்த மலிவு இல்லாவிட்டால் 2004-இல் இலவச மருந்து என்ற பேச்சே எழுந்திருக்காது, என் அண்ணனும் இல்லை. அதனால் ஸ்டாவுடினை நான் ஒருநாளும் திட்ட மாட்டேன். ஆனால் அது செய்த காரியத்தையும் சொல்ல வேண்டும். உள்ளங்கால் எரிச்சல், ராத்திரியில் தரையில் கால் வைக்க முடியாது, மதினி ஈரத்துணி சுற்றி விடுவார். அப்புறம் கன்னம். முகத்தில் இருக்கிற கொழுப்பைக் கரைத்துவிடும் மருந்து அது. சி.டி.4 ஏறுகிறது, எடை கூடுகிறது, ஆனால் கன்னம் மட்டும் உள்ளே போய் எலும்பு தெரியும். அந்த முகத்தை வைத்தே ஊரில் ஆளைக் கண்டுபிடித்தார்கள். டீக்கடையில், "என்னப்பா, கன்னம் இம்புட்டு ஒட்டிப் போச்சு?" என்று ஒருவர் கேட்ட நாளிலிருந்து அண்ணன் அந்தக் கடைப்பக்கம் போகவில்லை. கன்னம் ஒட்டியது நோயால் இல்லை, மருந்தால் என்று அந்த நேரத்தில் எங்களிடம் யாராவது விளக்கிச் சொல்லியிருந்தால் எவ்வளவோ தைரியமாக இருந்திருக்கும். ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்துங்கள் என்று உலக சுகாதார அமைப்பு 2009-இல் சொன்னது. இந்தியாவிலும் பிறகு அது போய்விட்டது.

இசட் என்றால் சிடோவுடின். கால் எரிச்சல் குறைந்தது, நகம் கறுத்தது, ரத்தம் இறங்கியது. சிடோவுடின் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி எச்.பி பார்ப்பார்கள், அதாவது ஹீமோகுளோபின். அண்ணனுக்கு அது 7 வரை போனதும் மருந்தை மாற்றினார்கள். அடுத்து டி.எல்.இ: டெனோஃபோவிர், லாமிவுடின், எஃபாவிரென்ஸ். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரே மாத்திரை. எஃபாவிரென்ஸ் தலைச்சுற்றலும் விதவிதமான கனவுகளும் கொடுக்கும். மாமிசம், எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்ட கையோடு போட்டால் இன்னும் அதிகம். அண்ணன் ஆரம்பத்தில், செத்துப்போன எங்கள் அய்யா தினமும் கனவில் வந்து பேசுகிறார் என்று சொல்லிக் கோடாங்கியிடம் போகப் பார்த்தார். மாத்திரையால் வருகிற கனவு, சில வாரங்களில் குறையும் என்று கவுன்சிலர் சொன்னதும் அமைதியானார், குறையவும் செய்தது. பின்விளைவை முன்கூட்டியே சொல்லிவிட்டால் மனிதர்கள் எவ்வளவையும் தாங்குவார்கள். சொல்லாமல் விட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நான் பார்த்தவரைக்கும் மருந்தை விட்டவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணம்.

இப்போது டி.எல்.டி. கடைசி டி டோலுடெக்ராவிர். 2020-க்குப் பிறகு நம் மையங்களில் படிப்படியாக எல்லாரையும் இதற்கு மாற்றினார்கள். வைரஸ் வேகமாக இறங்குகிறது, வைரஸ் இதை எதிர்த்து நிற்பதும் கடினம், கனவுத் தொல்லை இல்லை. சிலருக்கு எடை கூடுகிறது, சிலருக்குத் தூக்கம் கெடுகிறது, அப்படியானால் காலையில் போடச் சொல்வார்கள். ஆனால் இந்த மாத்திரை விசயத்தில் நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை இருக்கிறது. கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலுசில் மாதிரியான மருந்து, இவையெல்லாம் வயிற்றுக்குள் டோலுடெக்ராவிரைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. அதனால் டி.எல்.டி-யை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்னால் அல்லது 6 மணி நேரம் கழித்துப் போட வேண்டும். இந்த இடத்தில் சித்த மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சங்கு பற்பம் என்பது கால்சியம், அயச் செந்தூரம் என்பது இரும்பு. டாக்டர் இங்கிலீஷ் மருந்தைப் பற்றித்தான் கேட்பார், நாமும் அதை மட்டும்தான் சொல்வோம். நாட்டு மருந்தையும் சொல்லுங்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும், டோலுடெக்ராவிர் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவைக் கூட்டிவிடும் என்பதால் ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வார்கள். அண்ணனுக்குச் சுகர் உண்டு. சுகர் டாக்டர் ஒரு இடத்தில், ஏ.ஆர்.டி இன்னொரு இடத்தில், இரண்டு பேருக்கும் நடுவில் விசயத்தைச் சொல்ல வேண்டியது நோயாளி மட்டும்தான்.

டெனோஃபோவிர் சாப்பிடுகிறவர்களுக்குப் புத்தகத்தில் கிரியாட்டினின் என்று ஒரு எண் இருக்கும், அது சிறுநீரகத்துக்கான கணக்கு. டோலுடெக்ராவிருக்கு மாறிய முதல் சில வாரங்களில் இந்த எண் லேசாக ஏறும், அது சிறுநீரகம் கெட்டதாலாக இருக்க வேண்டியதில்லை, அந்த மருந்தின் இயல்பே அப்படி. நிறைய ஏறினால்தான் பார்க்க வேண்டும். எந்த அளவு நிறைய என்பதை டாக்டரிடம் கேளுங்கள், நான் சொல்லக்கூடாது.

இப்போது வைரல் லோடு. புத்தகத்தில் வி.எல் என்று போடுவார்கள். ஒரு மில்லி ரத்தத்தில் வைரஸ் எத்தனை பிரதி இருக்கிறது என்ற எண். 2018-இல்தான் ஏ.ஆர்.டி எடுக்கிற எல்லாருக்கும் வழக்கமான பரிசோதனையாக இது வந்தது. அதற்கு முன்னால் சி.டி.4-ஐ வைத்து, மருந்து கேட்கிறதா இல்லையா என்று குத்துமதிப்பாகச் சொல்வார்கள். மருந்து ஆரம்பித்து 6 மாதத்தில் ஒரு முறை, 12 மாதத்தில் ஒரு முறை, பிறகு வருசத்துக்கு ஒரு முறை எடுப்பார்கள். 1000-க்குக் கீழே இருந்தால் மருந்து வேலை செய்கிறது. அதற்கு மேல் போனால் உடனே மருந்தை மாற்றிவிட மாட்டார்கள், மாத்திரையைச் சரியாகப் போடுகிறாரா என்று உட்கார்ந்து பேசி, சில மாதம் கழித்து மறுபடி எடுத்து, அப்போதும் இறங்கவில்லை என்றால்தான் அடுத்த வரிசை மருந்து.

போன தடவை அண்ணன் தனியாகப் போய்விட்டு ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் செய்தார். பின்னால் கண்டக்டர் சத்தம்.

"ஏத்தா, இதுல டி.என்.டி-ன்னு போட்டிருக்காய்ங்க. போன வருசம் நம்பர் போட்டிருந்தாய்ங்க. இந்தத் தடவ நம்பரே இல்ல. கூடிப்போச்சோ?"

"நர்ஸம்மாட்ட கேட்டியாண்ணே?"

"கூட்டமாக் கிடந்துச்சு. கேக்கல."

டி.என்.டி என்றால் டார்கெட் நாட் டிடெக்டட். மெஷின் தேடிய வைரஸ் அந்த ரத்தத்தில் அகப்படவே இல்லை என்று அர்த்தம். இதைவிட நல்ல ரிசல்ட் கிடையாது. நான் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "அப்ப செத்துப் போச்சா அது?" சாகவில்லை. உடம்புக்குள் சில அணுக்களில் ஒளிந்து தூங்கிக் கிடக்கும், மாத்திரையை நிறுத்தினால் சில வாரத்தில் எழுந்து வரும், எந்த மெஷினும் அங்கே போய்ப் பார்க்க முடியாது என்றேன். "அப்படின்னா சி.டி.4 பயிரு, இது களை. வெட்டிக்கிட்டே இருக்கணும், அம்புட்டுத்தானே?" என்றார். அம்புட்டுத்தான். எண்ணே இல்லாத ஒரு தாளைப் பார்த்து, வீட்டுக்குப் போய் மதினியிடம் என்ன சொல்வது என்று பயந்துகொண்டே பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர். இந்த மூன்று எழுத்துக்குப் பக்கத்தில் "வைரஸ் தென்படவில்லை, நல்ல முடிவு" என்று தமிழில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்துக் குத்தினால் என்ன குறைந்துவிடும்? ஒரு ஸ்டாம்ப், ஒரு மை டப்பா. இதை நான் கேட்கிற இடத்திலெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், இங்கேயும் கேட்கிறேன்.

வைரல் லோடு தெரிந்தால் இன்னொரு பெரிய விசயமும் தெரியும். யு ஈக்வல்ஸ் யு, அதாவது தென்படாவிட்டால் பரவாது, என்று சுருக்கமாகச் சொல்வார்கள். வைரஸ் தென்படாத அளவில் தொடர்ந்து இருக்கிறவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி பரவாது. ஆறுதலுக்காகச் சொல்கிற பேச்சு இல்லை இது. எச்.பி.டி.என் 052 என்ற ஆய்வு ஒன்பது நாடுகளில், ஒருவருக்கு எச்.ஐ.வி இருந்து இன்னொருவருக்கு இல்லாத 1763 ஜோடிகளை வைத்து நடந்தது, அதில் நம் சென்னையும் ஒரு இடம். சீக்கிரமாக மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் முதல் முடிவு வந்தது. அதற்குப் பின் ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், வைரஸ் அடங்கியிருந்தவர்களிடமிருந்து ஆணுறை இல்லாமல் உறவு வைத்த துணைக்குப் பரவியது பூஜ்யம். 2016-இல் ஒரு முறை, 2019-இல் ஒரு முறை, இரண்டு தடவையும் பூஜ்யம். உலக சுகாதார அமைப்பு 2023-இல் இதையே தெளிவாகச் சொல்லிவிட்டது.

மதினிக்கு எச்.ஐ.வி இல்லை. புத்தகத்தில் அவர்களை டிஸ்கார்டன்ட் கப்பிள் என்று குறித்திருக்கிறார்கள். வருசக்கணக்கில் அண்ணன் வேறு தட்டு, வேறு டம்ளர், வேறு பாய். சாப்பாட்டில் பரவாது, எச்சிலில் பரவாது, கொசுவால் பரவாது என்பதெல்லாம் மதினிக்கு நன்றாகத் தெரியும், அண்ணன்தான் விடவில்லை. அந்த டி.என்.டி வந்த வாரத்தில் நான் ஊருக்குப் போயிருந்தபோது, மதினியைக் கவுன்சிலரிடம் போனில் பேச வைத்தேன். மதினி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்ப எம்மேல படுற பயம் அவருக்கு இனி வேணாம்னு நீங்களே அவருகிட்ட சொல்வீகளா?" கவுன்சிலர் சொன்னார். இது உடலுறவு பற்றிய உறுதி மட்டும்தான், ஊசி பகிர்ந்து போடுகிறவர்களுக்கு அப்படியே பொருந்தாது, மற்ற பால்வினை நோய்களையும் தடுக்காது, மாத்திரை விட்டுப் போனால் இந்த உறுதியும் போய்விடும். இதையும் சேர்த்தே சொன்னார். அப்படிச் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

டி.பி சம்பந்தப்பட்ட எழுத்துகள் புத்தகத்தில் தனிக் கூட்டம். ஒவ்வொரு முறை போகும்போதும் நான்கு கேள்வி கேட்பார்கள்: இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, ராத்திரி வேர்க்கிறதா. இதைத்தான் 4எஸ் என்று குறிக்கிறார்கள். டோக்கன் அவசரத்தில் நாலுக்கும் "இல்ல, இல்ல" என்று சொல்லிவிடாதீர்கள். எச்.ஐ.வி இருப்பவர்களை நம் நாட்டில் அதிகம் கொல்வது டி.பி-தான். நான்கும் இல்லை என்றால் டி.பி வராமல் தடுக்க ஐ.பி.டி என்று 6 மாதம் ஐசோனியசிட் மாத்திரை கொடுப்பார்கள், கூடவே நரம்புக்கு பி6. டி.பி இருப்பதாகத் தெரிந்தால், அதற்கான ரிஃபாம்பிசின் மருந்து ஓடும்போது டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் கூடுதலாக, டி.எல்.டி போட்டு 12 மணி நேரம் கழித்து இன்னொன்று. ரிஃபாம்பிசின் சாப்பிடும்போது மூத்திரம் ஆரஞ்சு நிறமாகப் போகும், ரத்தம் இல்லை அது. எங்கள் பக்கம், டி.பி ஆஸ்பத்திரி இருக்கிற ஆஸ்டின்பட்டி என்று சொன்னாலே டி.பி என்று அர்த்தம், அந்தப் பெயரைக் காதில் கேட்டாலே எழுந்து போகிறவர்கள் இருந்தார்கள். அங்கே போய்ப் படுத்துத் தேறி வந்த பலரை நான் அறிவேன். பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல.

சந்தர்ப்பவாத நோய்த்தொற்று வராமல் தடுக்கிற செப்ட்ரான் மாத்திரைக்கு சி.பி.டி என்று போடுவார்கள், சி.டி.4 ஏறி நிலையாக நின்றதும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். பி.இ.பி, அதாவது பெப், நோய் உள்ளவர்களுக்கானது இல்லை, எச்.ஐ.வி தொற்றாமல் தடுக்க, தவறிக் கையில் ஊசி குத்திக்கொண்ட நர்ஸுக்கும் குப்பை அள்ளும்போது ஊசி ஏறிவிட்ட துப்புரவுத் தொழிலாளிக்கும் வன்முறைக்கு ஆளானவருக்கும் கொடுப்பது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளுக்குச் சீக்கிரமே செய்கிற பரிசோதனை இ.ஐ.டி: பிறந்து 6 வாரத்தில் குதிகாலில் குத்தி அட்டையில் சொட்டு ரத்தம் எடுத்து அனுப்புவார்கள், அந்த அட்டைக்கு டி.பி.எஸ் என்று பெயர். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தை ரத்தத்தில் 18 மாதம் வரைகூட இருக்கும் என்பதால் பெரியவர்களுக்குச் செய்கிற சாதாரண டெஸ்ட்டை வைத்துக் குழந்தைக்கு இருக்கிறது என்று சொல்ல முடியாது. ஒரு வயசுப் பிள்ளைக்கு எங்கேயோ ரியாக்டிவ் என்று எழுதிக் கொடுத்தார்கள் என்று அழுதுகொண்டு வருகிற அம்மாக்களுக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல வேண்டும்.

புத்தகத்தில் இல்லாமல் மையத்தின் ரெஜிஸ்டரில் மட்டும் இருக்கும் எழுத்துகளும் உண்டு. எல்.எஃப்.யு என்பது அவற்றில் ஒன்று. தொடர்ந்து வராமல் விட்டுப்போனவர் என்று பொருள். யார் இப்படி விட்டுப்போகிறார்கள் என்று பார்த்தால், பொறுப்பில்லாதவர்கள் என்று ஒரு பேச்சு சுலபமாக வந்துவிடும். எனக்கு அதில் சம்மதமில்லை. மல்லிகை சீசனில் விடியுமுன் பூ எடுக்கப் போனால்தான் கூலி. திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவருக்கு லீவு கிடையாது, என்ன ஆஸ்பத்திரி என்று சூப்பர்வைசர் கேட்டால் சொல்லவும் முடியாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் கோரிப்பாளையத்தைத் தாண்டவே அரை நாள். இவர்களுக்கு முன்பு மாசா மாசம் வரச் சொன்னதை இப்போது நிலைமை நன்றாக இருப்பவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மாத்திரை சேர்த்துக் கொடுப்பதாக மாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொள்ள லிங்க் ஏ.ஆர்.டி மையங்கள், புத்தகத்தில் எல்.ஏ.சி, உண்டு. ஆனால் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்பதற்காகவே மதுரை வரை வருகிறவர்களும் இருக்கிறார்கள், அண்ணனும் அப்படித்தான். அந்தப் பயத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஏனென்றால் இன்னொரு மூன்றெழுத்தும் இருக்கிறது. ஆர்.வி.டி, அதாவது ரெட்ரோவைரல் டிசீஸ். வார்டில் "ரெட்ரோ" என்பார்கள். எச்.ஐ.வி என்று வெளிப்படையாகச் சொல்லாமல் மறைத்துப் பேசுவதற்காக வந்த வழக்கம், ஆரம்பத்தில் நல்ல எண்ணத்தில்தான் வந்திருக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும், அங்கே நாலு நாள் துணைக்கு இருந்தவர்களுக்கும் அது தெரியும். அண்ணனுக்கு குடலிறக்க ஆபரேஷனுக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலுக்குத் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் பெரிதாக அந்த மூன்றெழுத்து. சாப்பாடு கொண்டு வந்தவர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கட்டில்மேல் வைக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டுப் போனார். பக்கத்துக் கட்டில்காரர் சாயங்காலம் வேறு ரூமுக்கு மாறினார். நான் நர்ஸிடம் போய், இந்த அட்டை இங்கே எதற்கு என்று கேட்டேன். எங்கள் பாதுகாப்புக்கு என்றார். கையுறையும் ஊசிப் பாதுகாப்பும் எல்லா நோயாளியிடமும் கடைப்பிடிக்க வேண்டியவை, யாருக்கு என்ன இருக்கிறது என்று தெரியாத நிலையிலேயே கடைப்பிடிக்க வேண்டியவை. பரிசோதனையே செய்துகொள்ளாத எத்தனையோ பேர் அதே வார்டில் அட்டை இல்லாமல் படுத்திருப்பார்கள், அவர்களிடம் கையுறை வேண்டாமா?

எச்.ஐ.வி மற்றும் எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக்கூடாது, சம்மதம் இல்லாமல் ஒருவரின் நிலையை வெளியே சொல்லக்கூடாது, எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காகச் சிகிச்சை மறுக்கக்கூடாது என்று அதில் இருக்கிறது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிற மருத்துவ நிலையம் என்றால் புகார் கேட்க ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும், மாநில அளவில் குறைதீர்ப்பாளர் வேண்டும். வைத்தியம் பார்க்கிற டாக்டரும் நர்ஸும் கேஸ் ஷீட்டில் பார்த்துத் தெரிந்துகொள்வது வேறு விசயம், அது நம் சிகிச்சைக்குத் தேவை, மருந்துக்கு மருந்து ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். தலைமாட்டில் தொங்குகிற அட்டை சிகிச்சைக்குத் தேவையில்லை. நான் சட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகு டியூட்டி டாக்டர் வந்து அட்டையைக் கழற்றினார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் ராத்திரிச் சாப்பாடு கட்டில்மேல் வந்தது. அந்த மூன்றெழுத்துக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கேட்க முடிந்தது. தெரியாதவர்கள் தட்டு ஏன் வாசலில் இருக்கிறது என்றுகூடப் புரியாமல் படுத்திருப்பார்கள்.

மையத்துக்குப் போகிறவர்களுக்கு, கூடப் போகிறவர்களுக்கும், கடைசியாகச் சில விசயங்கள். கிளம்புவதற்கு முன்னால் புத்தகத்தில் அன்றைக்கு எழுதியதைக் கையால் தொட்டுக் காட்டி, "இது என்ன, நல்லா இருக்கா?" என்று கேளுங்கள், எனக்குத் தெரிந்து எந்தக் கவுன்சிலரும் எரிந்து விழுந்ததில்லை. கடைசியாக எடுத்த வி.எல் எப்போது என்று பாருங்கள், ஒரு வருசம் தாண்டியிருந்தால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள். மாத்திரை டப்பாவில் இருக்கிற மூன்று பெயரையும் போனில் போட்டோ எடுத்து வையுங்கள், திடீரென்று வேறு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தால் உதவும். வேலைக்கு வெளியூர் போவதாக இருந்தால் முன்னாலேயே சொல்லி, அந்த ஊர் மையத்துக்கு டிரான்ஸ்ஃபர் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமலே போய் மாத்திரை தீரப் போகிறது என்றால், இருக்கிற ஊரில் பக்கத்தில் எங்கே ஏ.ஆர்.டி மையம் என்று 1097-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். காசு கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதும் இல்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாத்திரை தீர்வதற்கு முந்தின நாளே போய்விடுங்கள்.